எட்டுச் சுற்று

வட கடலோரத்தில், காற்றுக்கு விடுமுறையே இல்லாத ஒரு துறைமுக ஊரில், தர்மினி என்ற பெண் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தாள். யாழ்ப்பாணத்தில் பிறந்து ஆறு வயதில் ஸ்காட்லாந்துக்கு வந்தவள். ஊர் மண்டபத்தில் நடனம் என்றால் பிடில் வாசிப்பது அவள்தான். அவளுக்கு முப்பத்து நான்கு வயதானபோது, அறுபத்தொரு வயதில் ஒரு சீடர் வந்து சேர்ந்தார்.

சீடரின் பெயர் தண்டபாணி. கும்பகோணம் பக்கத்து நாகஸ்வரக் குடும்பம். அவர் மட்டும் வயலினுக்கு மாறியவர். நாற்பது வருடம் மேடை பார்த்த கை. வாங்கிய பட்டங்களையெல்லாம் போட்டால் அழைப்பிதழில் பெயருக்கு இடம் இருக்காது. அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

அவர் மகள் நளினா அந்த ஊரில் காற்றாலைப் பொறியாளர். அந்த ஊர்ப் பையன் ஈவனுக்கும் அவளுக்கும் மூன்று வாரத்தில் கல்யாணம். கல்யாணத்தன்று மாலை எல்லோரும் ரீல் என்ற ஜோடி நடனம் ஆடுவார்கள். அதற்கு வாசிக்கிற பாட்டுக்கும் ரீல் என்றே பெயர். முதல் ரீலில் பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் ஜோடியாக நிற்பார்கள். அதுதான் அங்கே வழக்கம். சம்பந்தி வீட்டு விருந்தில் இதைக் கேட்டதும் தண்டபாணி, "அந்த முதல் ரீலை நான் வாசிக்கிறேன்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நளினா மட்டும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

அவள் கரண்டியை வைத்ததற்குக் காரணம் இருந்தது. பதின்மூன்று வயதில் அவளுக்கு நாட்டிய அரங்கேற்றம். வயலின் அப்பா. முடிய வேண்டிய இடத்தில் தண்டபாணிக்கு ஒரு தீர்மானம் தோன்றியது. பாட்டை முடிக்க மும்முறை திருப்பி வாசிக்கிற அந்தக் கோவையை அவர் அன்று இழுத்து, மடக்கி, இன்னும் ஒரு முறை இழுத்தார். சபை ஆர்ப்பரித்தது. மேடை நடுவில் நளினா தூக்கிய காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றாள். கைதட்டல் முழுவதும் அவருக்குத்தான் விழுந்தது. சலங்கையைக் கழற்றிய பெண் பதினெட்டு வருடமாக ஆடவில்லை. அதைப் பற்றி அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

இப்போது ஆடப்போகிறாள். வாசிக்கப்போவதும் அதே அப்பா.

இந்த முறை அவள் கால் நிற்கக்கூடாது. தண்டபாணிக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முடியுமா என்ற சந்தேகமும் அவருக்கு வரவில்லை. தன் கை மேல் அவ்வளவு நம்பிக்கை.

முதல் நாள் தர்மினி ஒரு ரீலை வாசித்துக் காட்டினாள். இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் இரண்டு முறை. ஒரு சுற்றுக்கு அரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் ஐயா."

தண்டபாணி சிரித்தார். "இது நம்ம சங்கராபரணம்மா. ஆதி தாளம். நாலு வரி."

தரையில் விரிப்பைப் போட்டுச் சம்மணமிட்டார். வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றிக் கண்ணை மூடினார். ஒரு தடவை கேட்டதை அப்படியே வாசித்தார். இரண்டாம் சுற்றில் சுரங்களை மெல்ல அசைத்துக் கமகம் கொடுத்தார். மூன்றாம் சுற்றில் அதே வரியை மாற்றி அழகு செய்கிற ஒரு சங்கதி சேர்ந்தது, நான்காவதில் அதற்கு ஒரு தங்கை பிறந்தாள். முடித்துவிட்டுக் கண்ணைத் திறந்தார்.

"எப்படி இருந்தது?"

"கேக்க நல்லாய் இருந்தது ஐயா."

"பிழை ஏதாவது?"

"ஒரு பிழையும் இல்லை. நான் கதிரையில இருந்தே கேட்டனான்." உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டினாள்.

அதை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். "அப்ப பாடம் முடிஞ்சுதா?"

"பாட்டு வந்திட்டுது. நாளைக்கு என்ர பஸ்ஸில வாங்கோ."

"பஸ்ஸுல எதுக்கும்மா?"

"மூண்டு கிழமை இஞ்ச இருக்கப் போறியள். ஊர் பார்க்க வேண்டாமோ?"

மறுநாள் தண்டபாணி பஸ்ஸில் அவள் இருக்கைக்குப் பின்னால் உட்கார்ந்தார். கடல் இடது பக்கம், ஆட்டு மந்தை வலது பக்கம். பார்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தர்மினி வண்டியை நிறுத்தி, ஏறுகிறவர்களுக்கு வணக்கம் சொல்லி, தலைக்கு மேலிருந்த கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள். ஊன்றுகோல் வைத்த ஒருவர் ஏறினார். நடு இருக்கை பிடிக்காமல் பின்னால் போனார். பின்னாலும் பிடிக்காமல் முன்னால் வந்தார். கோட்டைக் கழற்றினார், மடித்தார், உட்கார்ந்தார். அதன் பிறகே பஸ் நகர்ந்தது.

பத்து நிறுத்தத்துக்குத் தண்டபாணி பொறுத்தார். பதினோராவதில் முடியவில்லை.

"எத்தனை வருஷமா இந்தப் பாதையில ஓட்டுறே?"

"பதினொரு வருஷம்."

"அப்ப கண்ணை மூடிகிட்டே ஓட்டலாமே. ஏன் நிமிஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கண்ணாடியைப் பார்க்கிறே?"

"பாதை எனக்குத் தெரியும் ஐயா. ஆக்கள் சீட்டில இருந்திட்டினமோ எண்டு தெரியாதெல்லோ."

தண்டபாணி தலையை ஆட்டினார். நல்ல டிரைவர் என்று நினைத்துக்கொண்டார். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை.

புதன்கிழமை மாலை மண்டபத்தில் ஒத்திகை. நான்கு ஜோடிகள் எதிரெதிராக வரிசை கட்டி நின்றார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஆர்ச்சியும் அவர்களில் ஒருவர். மீன் கடைக்காரர், ஆள் கதவளவு இருப்பார். ரொட்டிக் கடைக்கார அம்மா அவருடைய ஜோடி. நளினா வரவில்லை. வேலை இருக்கிறது என்று சொல்லியிருந்தாள்.

தர்மினி முறையைச் சொன்னாள். "முதல்ல ஒரே சுரத்தில ஒரு நீளமான வில் போடுங்கோ. அதுக்கு ஆக்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் தலை குனிவினம். பிறகு ரீல். ஒவ்வொரு ஜோடியும் ரெண்டு தரம் முன்னுக்கு வந்து ஆடும். நாலு ஜோடி, எட்டுச் சுற்று. முடிய ஒரு நீளமான வில், திரும்பவும் தலை குனிவினம். அவ்வளவுதான்."

"உன்னை மாதிரி நின்னுகிட்டு வாசிக்கணுமா?"

"உங்களுக்கு எப்பிடி வசதியோ அப்பிடி."

மேடை விளிம்பில் விரிப்பைப் போட்டு உட்கார்ந்தார். வில்லை இழுத்தார், எட்டுப் பேரும் குனிந்தார்கள். ரீல் தொடங்கியதும் அவருடைய கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

அன்று கை நன்றாகப் பேசியது. மூன்றாம் சுற்றில் விழுந்த சங்கதிக்குச் சென்னையில் என்றால் முன்வரிசை சபாஷ் போட்டிருக்கும். எட்டாம் சுற்றின் கடைசியில் ஒரு தீர்மானம் தானாக வந்து நின்றது. மும்முறை அடித்து, கணக்கில் இம்மி பிசகாமல் இறங்கினார். திருப்தியோடு கண்ணைத் திறந்தார்.

மண்டபத்தில் யாரும் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. இருவர் முட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரொட்டிக் கடை அம்மா கையை நீட்டியபடி பிடிக்க ஆளில்லாமல் நின்றாள். ஆர்ச்சி ஒரு காலைத் தூக்கியபடி மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார், வைக்கலாமா என்று கேட்பது போல.

ஆர்ச்சி மூச்சு வாங்க அருகில் வந்தார். தன் கால் கொஞ்சம் மந்தம் என்றும், மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னார். ரொட்டிக் கடை அம்மா அடுப்பு காத்திருப்பதாகச் சொல்லிக் கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

தண்டபாணி தர்மினியைத் தனியே அழைத்தார். "இவங்களுக்கு லயம் போதாதும்மா."

"ஓம் ஐயா. ஆர்ச்சி முப்பது வருஷமாய் ஆடுறார். இண்டைக்குத்தான் போதாமல் போச்சு."

அவருக்குக் கோபம் வந்தது. கோபத்துக்குப் பின்னாலேயே தூக்கிய கால் ஒன்று நினைவுக்கு வந்தது. ஆர்ச்சியின் கால் இல்லை. பதின்மூன்று வயதுக் கால், சலங்கை கட்டியது.

அவர் மெதுவாகக் கேட்டார். "நான் என்ன செய்யணும்?"

"ஒராள் குறையுது. வந்து ஆடுங்கோ."

"நானா? எனக்கு ஆடத் தெரியாதும்மா."

"அதுதான் நல்லது."

அவள் பிடிலை எடுத்துத் தோளில் வைத்தாள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கம்பளிக் காலுறையோடு, ரொட்டிக் கடை அம்மா நின்ற இடத்தில் கச்சேரி வித்வான் தண்டபாணி நின்றார். எதிரே ஆர்ச்சி. நீளமான வில் ஒலித்தது. ஆர்ச்சி குனிந்தார், தண்டபாணியும் குனிந்தார். மேடையில் உட்கார்ந்தபோது அந்த ஒலி வீண் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. கீழே நின்றபோது மூச்சை இழுத்து நிமிர அது ஒன்றுதான் அவகாசம் என்று தெரிந்தது.

பிறகு நடந்ததைத் தண்டபாணி யாருக்கும் விவரிக்க விரும்பியதில்லை. வலது கை கேட்ட இடத்தில் இடது கையைக் கொடுத்தார். போக வேண்டிய பக்கம் அவருக்கு மட்டும் வேறாக இருந்தது. நாற்பது வருடம் தாளத்தை விரல் நுனியில் வைத்திருந்தவருக்கு அன்று அது கால் வரைக்கும் இறங்க மறுத்தது. இரண்டு முறை நின்றே போனார்.

நின்ற இரண்டு முறையும் ஒன்று நடந்தது. பாட்டு நிற்கவில்லை, வேகம் குறையவில்லை. ஆனால் அடுத்த வரியின் முதல் சுரத்தை வில் சற்று அழுத்திச் சொன்னது. இங்கே வை என்றது. அவர் வைத்தார். நிமிர்ந்து பார்த்தபோது தர்மினியின் கண் தந்தியில் இல்லை. பாட்டு தன்னாலே ஓடிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அவருடைய கம்பளிக் காலுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் சுற்று முடிந்து ஆர்ச்சி குனிந்தபோது தண்டபாணிக்கு வியர்த்திருந்தது. வெட்கமாகவும் இருந்தது. இரண்டையும் மீறி, ஏனென்று தெரியாமல் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை யாரும் கூப்பிடாமலே பஸ்ஸில் ஏறினார். அதே இருக்கை. இரண்டு நிறுத்தம் வரை தர்மினி கண்ணாடியைப் பார்ப்பதையே பார்த்தார்.

"எங்க அப்பா நாகஸ்வரம்" என்றார் பிறகு. "சாமி புறப்பாட்டுக்கு சாமியைப் பார்த்தபடி பின்பக்கமாவே நடந்து வாசிப்பார். நாலு வீதியும் அப்படியே. என்ன பக்தின்னு ஊரே சொல்லும்."

"ம்."

"ஒரு நாள் நான் கேட்டேன். சாமியையே பார்த்துகிட்டு நடக்கிறீங்களே, தடுக்கி விழுந்துட மாட்டீங்களான்னு. சாமியை யாருடா பார்த்தான்னு சொல்லிட்டுப் போயிட்டார். ஐம்பது வருஷமா அது எனக்குப் புரியல."

தர்மினி வண்டியை நிறுத்தினாள். ஒரு அம்மா இரண்டு பைகளோடு ஏறினார்.

"பல்லக்குத் தூக்குறவங்க காலைப் பார்த்திருக்கார்" என்றார் தண்டபாணி. "பதினாறு பேர் கால்."

தர்மினி கண்ணாடியைப் பார்த்தாள். அந்த அம்மா பைகளைக் கீழே வைத்து உட்காரும் வரை காத்திருந்தாள்.

"அப்ப ஏன் ஐயா என்னட்டை வந்தனீங்கள்?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தாள்.

தண்டபாணி கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த இரண்டு வாரமும் அவர் தினம் மண்டபத்துக்கு வந்தார். ஒரே ரீல், எட்டே சுற்று. முதல் நாள் கண்ணைத் திறந்து வைத்திருப்பதே வேலையாக இருந்தது. இமை கேட்காமல் இறங்கிவிடும். கண் பழகிய பிறகு கை தகராறு செய்தது. சங்கதிகள் ஒவ்வொன்றாக விரலை விட்டுப் போயின. தீர்மானம் மட்டும் போவதாக இல்லை. எட்டாம் சுற்று நெருங்கியதும் எட்டிப் பார்க்கும். தர்மினி கதிரையில் உட்கார்ந்து கேட்டாள். நன்றாக இல்லை என்று ஒரு நாளும் சொல்லவில்லை.

"ஒரு நாளாவது நீ எழுந்து ஆடேன், பார்க்கிறேன்" என்றார் ஒரு நாள்.

"கால் தானாய் எழும்பினால் ஆடுவன் ஐயா."

கல்யாணத்துக்கு முதல் நாள் நளினா அவருடைய அறைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். எதையோ கேட்க வந்து வேறு நாலு விஷயம் பேசினாள். போகத் திரும்பியவள் நின்றாள்.

"அப்பா, எப்ப முடியும்னு மட்டும் எனக்குச் சொல்லிடுங்க."

பதினெட்டு வருடத்தில் அவள் அதைப் பற்றிப் பேசிய முதல் வார்த்தை அது.

"எட்டு சுத்துமா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

நளினா தலையசைத்துவிட்டுப் போனாள். நம்பினாளா என்று முகத்தில் தெரியவில்லை.

கல்யாண மாலை மண்டபத்தில் இருநூறு பேர். மேடை விளிம்பில் அதே விரிப்பு. தண்டபாணி சம்மணமிட்டு உட்கார்ந்ததும் ஒன்றைக் கவனித்தார். ஆடுகிறவர்களின் கால்கள் அவருடைய கண்ணுக்கு நேர் எதிரே, கொஞ்சம் கீழே இருந்தன. நிற்கிற தர்மினி குனிந்து பார்க்க வேண்டும். அவருக்கு அந்தச் சிரமம்கூட இல்லை.

முதல் ஜோடியாக நளினாவும் ஈவனும் நின்றார்கள். பட்டுச் சேலைக்குக் கீழே வெள்ளைக் காலணி. கடைசி ஜோடியாக ஆர்ச்சி நின்றார். அவருக்கு எதிரே நிற்க வேண்டிய ரொட்டிக் கடை அம்மா கேக்கை வெட்டிக்கொண்டிருந்ததால், ஆர்ச்சி தர்மினியைக் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார்.

நீளமான வில். எட்டுப் பேரும் குனிந்தார்கள். அவர்கள் நிமிர்கிற வரை தண்டபாணி காத்திருந்து ரீலைத் தொடங்கினார்.

முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாம் சுற்றில் நளினா இடது கை கொடுக்க வேண்டிய இடத்தில் வலது கையை நீட்டினாள். ஈவனின் கை நழுவியது. அவள் நின்றாள். ஒரு வெள்ளைக் காலணி தரைக்கு மேலே நின்றது.

தண்டபாணி அந்தக் காலைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பாட்டை நிறுத்தவில்லை, இழுக்கவில்லை. அடுத்த வரியின் முதல் சுரத்துக்கு வில்லை அழுத்தி, இங்கே என்றார். காலணி இறங்கியது. அடுத்த சுரத்துக்கு மற்றக் கால் எழுந்தது. ஈவனின் கை அவளைப் பிடித்துக்கொண்டது. தண்டபாணிக்குக் கண் கலங்கியது. துடைக்கக் கை இல்லை. அந்தக் கலங்கிய கண்ணாலேயே பார்த்து வாசித்தார்.

மூன்று, நான்கு, ஐந்து. ஜோடிகள் முன்னால் வந்தன, போயின. ஆறு, ஏழு.

எட்டாம் சுற்றில் நளினா அவரைப் பார்த்தாள். ஆடிக்கொண்டே, தோளுக்கு மேலாக, வில்லையே பார்த்தாள். எந்த நிமிடம் என்ன வருமோ என்று உடம்பு விறைத்திருந்தது. அது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. அதே நேரம் தீர்மானமும் வந்து நின்றது. விரல்கள் அதற்குத் தயாராக நின்றன. நாற்பது வருடப் பழக்கம் சொன்னால் கேட்குமா?

கடைசி வரி வந்தது. தண்டபாணி அதை இருந்தபடியே வாசித்து, ஒரு நீளமான வில்லைப் போட்டு நிறுத்தினார்.

எட்டுப் பேரும் தங்கள் தங்கள் இடத்தில் இருந்தார்கள். எட்டுப் பேரும் குனிந்தார்கள். நளினா குனிந்து நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தாள். ஆடியவர்கள் தங்கள் ஜோடிகளுக்குக் கைதட்டினார்கள். சுற்றி நின்றவர்கள் ஆடியவர்களுக்குக் கைதட்டினார்கள். மேடைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. நளினா மூச்சிரைக்க ஈவனிடம், "இன்னொண்ணு, இன்னொண்ணு" என்றாள். தமிழில் சொல்கிறோம் என்பதே அவளுக்குத் தோன்றவில்லை. ஈவனுக்கு எப்படியோ புரிந்தது.

தர்மினி தண்ணீர் குடிக்க மேடை ஓரம் வந்தாள். முகம் சிவந்து, தலைமுடி கலைந்திருந்தது.

தண்டபாணி வயலினையும் வில்லையும் விரிப்பில் வைத்தார். எழுந்து நின்றார். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அவளை வாங்க போங்க என்று பேசினார்.

"எப்படி இருந்ததுன்னு சொல்லுங்க."

தர்மினி குவளையைக் கீழே வைத்தாள். உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"தெரியேல்லை ஐயா" என்றாள். "நான் ஆடிக்கொண்டெல்லோ இருந்தனான்."